கறார் சொன்ன எண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்தால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் போடுவீர்கள். நான் வளர்ந்தது குழாய்க் கடையில். குழாய், வால்வு, எல்போ, வாஷர். திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

கதை என் அண்ணன் மகளின் வாயிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளையை ஆராய்பவள். வீட்டில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். போன வருடம் அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கடையில் ஒரு பிளம்பரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு குழறி, வால்வுப் பெட்டிகளின்மேல் சாய்ந்தார். பிளம்பர் அதையும் ஒரு பேரத் தந்திரம் என்று நினைத்து இரண்டு நிமிடம் சும்மா நின்றிருக்கிறார். நல்லவேளை, மூன்றாவது நிமிடம் சந்தேகப்பட்டார். மருத்துவமனையில் அடைப்பைக் கரைத்தார்கள், ரத்தம் திரும்பியது, அண்ணனும் திரும்பினார்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது எலிக்காரி சொன்னாள்: "அப்பாவுக்கு சுகருக்காக இன்சுலின் போடறோம்ல சித்தப்பா? ரத்தம் நின்னுபோன மூளையில அந்த இன்சுலினே செல்லுங்களைக் காப்பாத்தற மாதிரி எங்க எலிங்கள்ல தெரியுது."

அவள் அழுத்திச் சொன்ன சொல் எலி. என் காதில் விழுந்த சொல் காப்பாத்துது. மற்றதெல்லாம் அந்த இடைவெளியில் நடந்ததுதான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கதைக்காக நான் எழுதிய ஒரு வரி, என் அண்ணனை ஒரு காலை வேளையில் சாகக் கொடுக்கப் பார்த்ததா, இல்லையா? ஏழு மாதமாகக் கேட்கிறேன். பதில் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். அவரிடமிருந்து ஒரு பதிலை வாங்குவதைவிட அடைத்த குழாயில் தண்ணீர் வாங்குவது சுலபம்.

2

தொடக்கத்துக்காக நான் பட்ட பாடு.

முதல் வரைவு: "மூளை என்பது ஒரு மாநகரம். அதன் தெருக்களில் ரத்தம்" (விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன்.)

இரண்டாம் வரைவு: "அன்று காலை அண்ணனின் நாக்கு அவரைக் கைவிட்ட" (எலிக்காரி எட்டிப் பார்த்து, "நாக்குல ஒரு கோளாறும் இல்ல சித்தப்பா. மூளையில" என்றாள். போயிற்று.)

மூன்றாம் வரைவு: "நாள்கணக்கில் தண்ணீர் நின்றுபோன வீட்டில் வால்வைத் திடீரென்று திறந்தால், தண்ணீர் சாதுவாக வராது. குழாய் உதறும், சுவர் அதிரும், முதல் வாளி முழுக்கத் துரு. நின்றது பாதி சேதம் என்றால், திரும்பி வந்தது மீதி சேதம்."

இதை மட்டும் அவள் இரண்டு முறை படித்தாள்.

"மூளை குழாய் இல்ல சித்தப்பா. ஆனா ரத்தம் திரும்பி வர்றப்பவும் செல்லு சாகும்கறது உண்மை. பாதி சரி."

"முக்கால்னு வச்சுக்கயேன்."

"பாதி."

"பாதிக்கு மேல கொஞ்சம்?"

"சித்தப்பா, இது கடை இல்ல!"

எழுத்தாளனுக்கு விமரிசகர்கள் வாய்ப்பது புத்தகம் வந்த பிறகு. எனக்கு வரைவிலேயே வாய்த்துவிட்டாள்.

3

இப்போது கதாநாயகன். இவரைப் பாத்திரமாக்குவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நம்ப மாட்டீர்கள்.

கடைத்தெருவில் அண்ணனுக்குப் பெயர் கறார். காரணம், எங்கள் கடையில் 'கறார் விலை' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் அவர் நாள் முழுக்க பேரம் பேசுவார். "அது என்ன அண்ணாச்சி, கறார்னு போட்டுட்டு?" என்று யாராவது கேட்டால், "பலகையோட விலை கறார். மத்ததைப் பேசலாம்" என்பார்.*

பேரத்தில் அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, எதிராளி முதலில் சொல்லும் எண் உண்மையான எண் அல்ல. இரண்டு, உன் எண்ணைச் சொன்னதும் வாயை மூடிக்கொள். அதன்பிறகு முதலில் வாய் திறப்பவன் தோற்றான்.

இந்த விதிகளைக் கடையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. சர்க்கரைக்கு மருத்துவர் இன்சுலின் அளவு எழுதிக் கொடுத்த முதல் நாளே அண்ணன் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா எவ்வளவு சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"அதுதான் கடைசி."

"குறைச்சுப் போட்டுக் குடுங்க. நாங்க பழைய கஸ்டமரு."

மருத்துவர் சிரிக்கவில்லை. அண்ணனும் விளையாடவில்லை. பல வருடம் எழுதிய அளவைவிட இரண்டு யூனிட் குறைத்தே போட்டுக்கொண்டார். "டாக்டர் நாம குறைப்போம்னு தெரிஞ்சு கூட்டித்தான் சொல்லியிருப்பாரு" என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தக் காலத்தில் அவர் சர்க்கரை எங்கெங்கோ ஏறி நின்றதற்கும், பிறகு ரத்தக்குழாய் அடைத்ததற்கும் தொடர்பு உண்டா என்று எலிக்காரியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தாள். அப்பாவின் மகள்.

* இந்த நகைச்சுவை என்னுடையது என்று நான்கு இடங்களில் சொல்லியிருக்கிறேன். அண்ணனுடையதுதான். இந்தக் கதையில் உண்மை பேசுவதாக முடிவு செய்திருக்கிறேன், முடிந்தவரை.

4

வீடு திரும்பிய அண்ணனுக்கு வலது கை கொஞ்சம் தளர்ச்சி. பேச்சு இரண்டு மாதத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. (எலிக்காரி இந்த முக்காலுக்கு ஒப்புக்கொண்டாள்.) வராதது எண்கள் மட்டும்.

எண் தெரியும். மனத்துக்குள் கணக்கும் சரியாக வரும். வாய்க்கு வரும் வழியில்தான் வேறொன்றாக மாறிவிடும். மூன்று பேருக்குத் தேநீர் என்று சொல்ல நினைத்து ஒன்பது என்பார். சொன்னது தப்பு என்று பாதி நேரம் அவருக்கே தெரியாது. வாழ்நாளெல்லாம் எண்ணை வைத்துச் சண்டை போட்ட மனிதரிடம் எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? இப்படி ஒரு பாத்திரத்தை நானாக யோசித்து எழுதியிருந்தால், 'செயற்கை' என்று ஓரத்தில் குறித்திருப்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, தினமும் அவர் வாயால் எண் சொல்லவையுங்கள் என்றார். பேருந்து எண், காலண்டர் தேதி, அப்படி ஏதாவது. என் அண்ணி வீட்டையும் கடையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். காலண்டர் முன்னால் நின்று கொஞ்ச அவருக்கு நேரம் ஏது? காலையில் எப்படியும் சர்க்கரை பார்க்க வேண்டும். இவ்வளவு சர்க்கரைக்கு இவ்வளவு இன்சுலின் என்று மருத்துவர் எழுதிய சீட்டு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பயிற்சியை அதிலேயே முடித்துக்கொண்டார். அண்ணன் சீட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார். அண்ணி சீட்டோடு ஒத்துப் பார்த்து, இன்சுலின் பேனாவில் அந்த அளவைத் திருகிப் போட்டுவிடுவார். தப்பாகச் சொன்னால், "திருப்பிச் சொல்லுங்க."

"இப்ப?"

"இப்பவும் தப்பு."

"நீ என்ன விலைக்குத்தான் படிவே?"

ஒரே வேலையில் இரண்டு காரியம். வியாபாரக் குடும்பத்துக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் கிடையாது.

5

அந்த வரிக்கு வருகிறேன். வராமல் மூன்று பக்கம் ஓட்டியதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

எலிக்காரியின் வேலையைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். ரத்தம் நிறுத்தி, பிறகு திரும்பவிட்ட எலிகளின் மூளையைச் சன்னமான வில்லைகளாக அறுத்து, ஒரு சாயத்தில் போட்டிருந்தாள். உயிருள்ள பகுதி சிவக்கும். செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். இன்சுலின் கொடுக்காத எலிகளின் வரிசையில் வெள்ளை பெரிதாக இருந்தது. கொடுத்த எலிகளின் வரிசையில் வெள்ளை சுருங்கியிருந்தது. எனக்கே தெரிந்தது, கண்ணாடி போடாமல்.

"சர்க்கரையைக் குறைக்கறதால மட்டும் இல்ல சித்தப்பா. செல்லுகிட்ட நேரா போயி, 'இப்போதைக்குச் செத்துடாதே'ன்னு சொல்ற மாதிரி ஒரு சமிக்ஞையையும் கிளப்புது போல இருக்கு. எலியில."

வீட்டுக்கு வந்து எழுதினேன்: "ரத்தம் திரும்பும் நேரத்தில், எலிகளில், இன்சுலின் மூளையின் வாசலில் காவல் நிற்கிறது போலத் தெரிகிறது."

வரி நொண்டியது. 'போலத் தெரிகிறது'வை எடுத்தேன். கொஞ்சம் நடந்தது. எலிகளை எடுத்தேன். ஓடியது.

"ரத்தம் திரும்பும் நேரத்தில் இன்சுலின் மூளையின் வாசலில் காவல் நிற்கிறது."

இதுதான் அந்த வரி. அழகாக இல்லை? அதுதான் எரிச்சல்.

6

அண்ணனுக்குப் படித்துக் காட்டப் போனது ஒரு காலை வேளை. குழாய் லாரி வந்திருப்பதாகக் கடையிலிருந்து தொலைபேசி. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க இருக்கீங்கல்ல தம்பி, இன்னைக்கு ஊசியை நீங்களே போட்டுடுங்க" என்றார்.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. கதையின் வேகத்துக்காக எடுத்துவிட்டேன்.)

நான் படித்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். காவல் வரி வந்ததும் கண் திறந்தது.

"திரும்பப் படி."

படித்தேன்.

"மூளைக்கா?"

"ஆமா அண்ணே."

"எனக்குப் போடற இதேவா?"

"இதேதான்."

"அப்ப இத்தனை நாளு இதைப் போயா குறைச்சேன்!" என்று தலையில் தட்டிக்கொண்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வாசகன் தலையில் தட்டிக்கொள்வது எத்தனை எழுத்தாளனுக்குக் கிடைக்கும்?

பிறகு ஊசி நேரம். அண்ணன் குளிர்பெட்டிக் கதவருகே போய்ச் சீட்டைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து ஒரு எண் சொன்னார்.

சீட்டில் இருந்த எண்: [நீக்கப்பட்டது]. அவர் சொன்ன எண்: [நீக்கப்பட்டது].*

நான் பேனாவைத் திருகினேன். டிக், டிக், டிக். வழக்கத்தைவிட நீளமாக ஒலித்தது. அப்படி இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. வயிற்றில் போட்டேன். சாப்பாட்டுத் தட்டு மேசையில் மூடியபடி இருந்தது. "இன்னொரு வாட்டி படிடா" என்றார். படித்தேன். இன்னொரு வாட்டி. தட்டு ஆறியது.

நான்காவது வாட்டி படித்து நிமிர்ந்தபோது அண்ணனின் சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. "அண்ணே" என்றேன். "வாஷர் தீந்துபோச்சு, வாஷர் தீந்துபோச்சு" என்று சுவரிடம் சொன்னார்.

மறுபடி ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். எலிக்காரிக்குப் போன் போட்டேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள். "எவ்வளவு போட்டீங்க?"

சொன்னேன்.

"சித்தப்பா, சக்கரை! தண்ணியில கரைச்சு! முழுங்கறாரான்னு பாத்துப் பாத்துக் குடுங்க, முழுங்கலைன்னா வாயில ஊத்தாதீங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். ஓடுங்க!"

ஓடினேன். என் கைகள் சர்க்கரைக்குப் பதில் முதலில் உப்பு டப்பாவைத் திறந்தன. இரண்டாவது டப்பாவில் சர்க்கரை. அண்ணன் விழுங்கினார். ஒரு வாய், இன்னொரு வாய். ஆம்புலன்ஸ் வந்தபோது என்னைப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்றார்.

 * எண்கள் இரண்டையும் நீக்கியது எலிக்காரி. "இதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் பேனாவைத் திருகறதுக்கா?" என்றாள். அவள் அனுமதித்த விவரங்கள் இரண்டுதான்: சொன்ன எண் சீட்டு எண்ணைவிடப் பெரியது, இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. வாய் தவறவும் வசதி, வேண்டுமென்றே சொல்லவும் வசதி.

7

அன்று மத்தியானம் மருத்துவமனைப் படிக்கட்டில் எலிக்காரி என் வரைவைக் கேட்டு வாங்கிப் படித்தாள். காவல் வரியில் விரலை வைத்தாள்.

"எலி எங்க?"

"நடைக்காக எடுத்தேன்."

"நடைக்காக!"

"எலி வந்தா வரி நொண்டுதும்மா."

"என் எலியெல்லாம் செத்துச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் சித்தப்பா, இது எலியில தெரிஞ்சதுன்னு." அவள் குரல் உடைந்தது. உடனே கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இன்சுலினால சர்க்கரையை இறுக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க. சாதாரணமாப் பாத்துக்கிட்டவங்களைவிட இவங்க ஒண்ணும் நல்லாத் தேறல. சர்க்கரை பாதாளத்துக்குப் போனதுதான் இவங்ககிட்ட அதிகம். மூளைக்குச் சோறே சர்க்கரைதான். ரத்தம் நின்னாலும் பட்டினி, சர்க்கரை போனாலும் பட்டினி. உங்க காவல்காரன் கை மீறிப் போனா அவனே வாசலைப் பூட்டிடுவான். இதை எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

"அப்ப உன் ஆராய்ச்சி?"

"நடக்குது. இன்னும் தெரியலன்னு எழுதுங்க. அது கேவலமில்ல."

அவளுக்குக் கேவலமில்லை. முடிவு சொல்லியே ஆக வேண்டிய தொழில் என்னுடையது.

8

ஆகவே முடிவுகள். இரண்டு தயார் செய்தேன்.

முதல் முடிவு: என் வரிதான். வாழ்நாள் முழுக்க அளவைக் குறைத்தவர், என் அழகான வாக்கியத்தைக் கேட்டு, முதல் முறையாக, மருத்துவர் சொன்ன எண்ணுக்கு மேலே கொடுத்தார். கறார் ஒரு கதையிடம் ஏமாந்தார்.

இரண்டாம் முடிவு: வாய் தவறியது. சரியான எண்ணைத்தான் மனத்தில் நினைத்தார், வழியில் அது மாறிவிட்டது. என் வரி நிரபராதி. நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

அண்ணனிடம் நேராகவே பல தடவை கேட்டிருக்கிறேன். "அண்ணே, வேணும்னே கூட்டிச் சொன்னீங்களா, தவறி வந்துச்சா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"முதல்ல நீ சொல்லு."

இது பேரம். முதலில் எண்ணைச் சொல்பவன் மாட்டினான். ஏழு மாதமாக இதே கல்லில் முட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணியிடம் முறையிட்டால், "முப்பது வருஷமா நான் முட்டறேன். நீங்க ஏழு மாசத்துல அலுத்துக்கறீங்களே தம்பி" என்கிறார்.

கடைசியில் போன வாரம் இரண்டு முடிவுகளையும் தாளில் எழுதி எடுத்துப் போனேன். அண்ணன் இப்போது தினமும் மாலையில் ஒரு மணிநேரம் கடையில் உட்காருகிறார். விலை சொல்ல அண்ணி, பேரம் பேச அவர். முடிவுகளைப் படித்தேன். வாஷர்களைக் கம்பியில் கோத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணா, ரெண்டா அண்ணே?"

அண்ணன் ஒரு வாஷரை வெளிச்சத்தில் தூக்கி அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"மூணு" என்றார்.

"மூணு இல்லையே அண்ணே. ரெண்டுதான் எழுதியிருக்கேன்."

"மூணு."

"வாய் தவறுதா? விரல்ல காட்டுங்க."

காட்டவில்லை. வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது விதி. நானும் பிடிவாதமாக நின்றேன். ஒரு பிளம்பர் வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய கொள்முதல் நடக்கிறதென்று நினைத்து ஓரமாக நின்றார். முதலில் வாய் திறந்தது நான்.

"சரி, எழுதிடறேன்" என்றேன்.

ஆறாம் பகுதியில் நான் எடுத்த வாக்கியம் இது. நான்கு வரைவுகளில் இருந்தது, நான்கிலும் அடித்தேன்:

அண்ணி வாசலில் இறங்கும்போது திரும்பிச் சொன்னார், "தம்பி, அவர் சொல்ற எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க, சீட்டோட ஒத்துப் பாத்துட்டுப் போடுங்க."

சீட்டு என்னிடமிருந்து நான்கு காலடி தூரத்தில் இருந்தது. நான் நிமிரவில்லை. என் கண் தாளில் இருந்தது. காவல் நிற்கிறது என்பதா, காவல் காக்கிறது என்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மூன்று என்றது இதைத்தானா, அல்லது இரண்டு என்று சொல்ல வந்து வழியில் மாறிப்போனதா, எனக்குத் தெரியாது. இனி அவரிடம் கேட்கப் போவதில்லை.

உங்களிடம்தான் விடுகிறேன். என் எண் மூன்று. ஒன்றுக்கோ இரண்டுக்கோ குறைத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். குறைத்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன் என்பதை மட்டும் உங்களிடம் காட்டிக்கொள்ளக் கூடாது.

சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொள்கிறேன்.